பதிலாள் எடுத்த அழைப்பு

ஜூன் 2

வேட்டைக்காரிக்கு,

முதலில் ஒரு ரகசியம். என் மேசைமேல் இப்போது ஒரு போன் கிடக்கிறது. அது இன்னும் உலகத்தில் பிறக்கவில்லை. இந்த மாதக் கடைசியில்தான் வெளியீடு. அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேச வந்தால் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறேன். உன்னிடம் மட்டும் தைரியமாகச் சொல்லலாம். வானத்து ரேடியோ அலைகளைக் கேட்கும் உங்கள் பெரிய கிண்ணத்துக்கு இடைஞ்சல் என்று, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு போன்கூட இருக்கக் கூடாது என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன்னிடமிருந்து எது கசியும்?

போன் விமர்சனம் எழுதிப் பிழைப்பவனின் மனைவி போனே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறாள் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சரி, கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது? கனம் கொஞ்சம் அதிகம். முதுகுக் கண்ணாடி வழவழப்பு இல்லாமல் மாவு தொட்ட மாதிரி இருக்கிறது, விரல் ரேகை படியவில்லை. கேமரா மேடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் மேசையில் வைத்துத் தட்டினால் கால் குட்டையான நாற்காலி போல ஆடுகிறது. சத்தத்தைக் குறைக்கப் போய் இதுவரை பத்துத் தடவை திரையை அணைத்திருப்பேன், பொத்தானை அப்படி ஒரு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்தைக் கடையில் வாங்கிக்கொள் என்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒன்று உள்ளே இருக்கிறது. பெயர் பதிலாள். நமக்கு வரும் அழைப்பை அதுவே எடுத்து நம் குரலிலேயே பேசும். என் பழைய வீடியோக்களையும் குரல் பதிவுகளையும் ஒருநாள் முழுக்க அதற்கு ஊட்டினேன். நேற்று வங்கியிலிருந்து கடன் அட்டை வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் அது பேசியதைக் கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது. நடுவில் என்னைப் போலவே தொண்டையைக் கனைக்கிறது! பேசி முடித்ததும் என்ன பேச்சு என்று ஒரு வரியில் எழுதியும் காட்டுகிறது.

கம்பெனி கொடுத்த சோதனை எண்ணில் பேசிப் பார்த்துவிட்டு எழுதினால் அது விமர்சனமா? அதனால் என் எண்ணையே இதில் போட்டு, எல்லா அழைப்பையும் பதிலாளிடம் விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் அப்படியே ஓடட்டும்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உன் நாற்காலியில் சார்ஜர் கம்பிகளை வைத்திருக்கிறேன். கோபம் தணிந்ததா?

இப்படிக்கு,
போன்காரன்

*

ஜூன் 8

போன்காரருக்கு,

சாமான் வண்டி வாரம் ஒரு முறைதான் வருகிறது. உங்கள் கடிதத்தை மாவு மூட்டையோடு இறக்கினார்கள். அந்தப் போனின் கனம் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் படித்தேன். கடிதத்தில் ஒரு வசதி, படிப்பதும் எழுதுவதும் என் இஷ்டம். நடுவில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

கோபம் தணிந்ததா என்று எவ்வளவு லேசாகக் கேட்கிறீர்கள். ஆறு மாத வேலைக்கு நான் கிளம்புகிறேன், வாசலில் டாக்சி நிற்கிறது, நீங்கள் ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்து வீடியோ எடுத்துக்கொண்டு "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்கிறீர்கள். அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் தணியவில்லை.

இங்கே வேலை நன்றாக இருக்கிறது. டீசல் வேனில் ஆண்டெனாவை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தைக் குழப்பும் திருட்டு ரேடியோச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போக வேண்டும். போன வாரம் கிண்ணத்தில் தினமும் காலையில் ஒரு கரகரப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் வானத்தில் என்னமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் போய்க் கதவைத் தட்டினால், புதிதாக வந்த விஞ்ஞானி மின்சார பிரஷ்ஷில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வாயெல்லாம் நுரை. பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வாசல் காவல் அறையில் கம்பி இணைப்புள்ள பழைய போன் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஹாஸ்டலிலிருந்து அதில் கூப்பிட்டாள். என் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, காவலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, என்ன பேச முடியும்? "நல்லா இருக்கேம்மா" என்றாள். கேட்காமலே மறுபடியும் "நல்லா இருக்கேம்மா" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தியல் படிப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. மூன்றாம் வருடத்துக்கு வந்த பிறகு என்ன கஷ்டம் என்று நினைக்காமல், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் விசாரிக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

நான் இங்கே கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறேன்.

*

ஜூன் 13

வேட்டைக்காரிக்கு,

கவலையை விடு! பாப்பாவே கூப்பிட்டுவிட்டாள். உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே.

நான் அப்போது பால்கனியில் வெயிலில் நின்று திரையின் வெளிச்சத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். (நட்ட நடு வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் போன் சூடாகிறது, கன்னத்தில் வைக்க முடியாது.) அழைப்பைப் பதிலாள் எடுத்தது. கொஞ்சம் நீளமான பேச்சுதான். முடிந்ததும் ஒரு வரி காட்டியது: "மகள் பேசினார். படிப்பு பற்றிய உரையாடல். இனிதே முடிந்தது. நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை." பார்த்தாயா? எவ்வளவு கச்சிதம். நாம் இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் அது ஒரே வரியில் முடித்துவிட்டது. பெற்ற பெண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது? விமர்சனத்தில் இதை முதல் பத்தியிலேயே வைக்கப் போகிறேன், பாப்பா பெயரைச் சொல்லாமல்.

நேரில் போகத்தான் நினைத்தேன். வெளியீட்டுக்கு முன் பாட்டரி சோதனை முடியவில்லை, கேமராவில் இருட்டுப் படங்கள் எடுக்கவில்லை. வெளியீடு முடிந்த மறுநாளே போகிறேன்.

ராத்திரி பகல் தெரியாமல் ஓடுகிறது. போனைக் கீழே வைத்தால் கை பரபரக்கிறது, எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்று மறந்துபோகிறது. தோசைக்கல்லில் நிற்கிற மாதிரி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன்காரன்

*

ஜூன் 15

உங்களுக்கு,

சாமான் வண்டி அச்சு முறிந்து வழியில் நிற்கிறது, இந்த வாரம் தபால் இல்லை. சமையற்காரர் லீவில் போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். காத்திருக்க முடியவில்லை.

நேற்றுப் பாப்பா வாசல் போனுக்குக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உங்களிடம் சொன்னதை எல்லாம். பரிசோதனைக் கூடத்தில் கை நடுங்குவதை, புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதை, மாதக்கணக்காக யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாததை. அவ்வளவையும் நீங்கள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டீர்களாமே! "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்களாம். "தனியா தாங்கிட்டு இருந்திருக்கே. ஒரு வருஷம் போனா போகட்டும். முதல்ல வீட்டுக்கு வா" என்றீர்களாம். மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். "அப்பா இப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

காவலாளி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் போனை வைத்துவிட்டும் எழுந்திருக்கவில்லை.

என்னைக் கலந்துகொள்ளாமல் ஒரு வருடம் நிறுத்தச் சொல்லிவிட்டீர்களே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணமே அது போய்விட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்கள் வாயிலிருந்து நான் கேட்க ஏங்கிய பேச்சு அது. எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன, என் பெண்ணுக்குக் கிடைத்ததே. இந்த மனிதர் உள்ளேயே இருந்திருக்கிறார், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கல்லூரியில் விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டாளாம், சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். நானும் இயக்குநரிடம் பேசிவிட்டேன். மாதக் கடைசியோடு என்னை விட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். ஆறு மாதம் முடிந்தாலும் வருவேனா என்று நான் கிளம்பும்போது முடிவு செய்திருக்கவில்லை. இப்போது சொல்வதில் வெட்கம் என்ன. வருகிறேன்.

உங்கள்
நான்

*

ஜூன் 20

அம்மா தாயே,

இந்தக் கடிதத்தை முதலில் பிரித்திருந்தால் நல்லது. 13ஆம் தேதி போட்ட இன்னொரு கடிதம் இதோடு சேர்ந்து வரும். நீல உறை. அதைப் பிரிக்காதே. போன் பற்றிய வெட்டிப் பேச்சுதான். உன் தலைமேல் ஆணை, பிரிக்காதே. அடுப்பில் போடு.

எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே தெரிகிறது, இப்படிச் சொன்னால் நீ அதைத்தான் முதலில் பிரிப்பாய். நுணலும் தன் வாயால் கெடும். சரி, சொல்லிவிடுகிறேன். அன்று பாப்பாவிடம் பேசியது நான் இல்லை. பதிலாள்.

எனக்கு எதுவுமே தெரியாது. சனிக்கிழமை மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பெட்டி படுக்கையோடு பாப்பா நிற்கிறாள். இளைத்துப் போயிருக்கிறாள். என்ன ஏது என்று நான் வாயைத் திறக்கும் முன் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். எதற்கு என்று தெரியாமலே முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் சமையற்காரர் போட்டுவிட்டுப் போன உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்துவிட்டு அந்தப் போனில் பதிவாகியிருந்த பேச்சைக் கேட்டேன். முழுதும் கேட்டேன், கழிப்பறையில் உட்கார்ந்து.

என் குரல்தான். என் கனைப்புதான். ஆனால் அவள் பேச்சை நிறுத்தும் இடத்தில் எல்லாம் அது காத்திருக்கிறது. நானாக இருந்தால் அங்கே "எல்லாருக்கும் இருக்கறதுதான், கொஞ்சம் வாக்கிங் போ" என்றிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். ஒரு இயந்திரத்தின்மேல் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அழுகையும் வந்தது.

நான் சொல்வதைக் கேள். இப்போது அவள் நன்றாகத் தூங்குகிறாள். எழுந்தால் சாப்பிடுகிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீயும் வருகிறேன் என்கிறாய். இதை ஏன் கலைக்க வேண்டும்? அது சொன்னதெல்லாம் நான் சொன்னதாகவே இருக்கட்டும். இனிமேல் நான் அந்த மாதிரியே இருந்துவிடுகிறேன், சத்தியமாக. அதோடு வெளியீட்டுக்கு முன்னால் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு இருக்கிறது. மீறினால் இந்தத் தொழிலில் இனி யாரும் எனக்குப் பெட்டி தர மாட்டார்கள்.

அவள் எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. உறையை ஒட்டுகிறேன்.

*

ஜூன் 24

போன்காரருக்கு,

வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள். இரண்டு உறையும் சேர்ந்தே வந்தன. நீல உறை மேலே இருந்தது, அதைத்தான் முதலில் பிரித்தேன்.

"பெற்ற பெண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை." அந்த வரியை நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணே பட்டுவிடும் போல அவ்வளவு சந்தோஷம்.

மின்சாரம் பாயும் மாட்டு வேலியிலிருந்து வரும் சத்தம் எது, வானத்திலிருந்து வரும் சத்தம் எது என்று பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் வீட்டுச் சத்தம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு கருவி பேசியதைக் கேட்டு, காவலாளி பார்க்க உட்கார்ந்து அழுதிருக்கிறேன். உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதோ என்னவோ, எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நேற்று முழுக்க வேனை எடுத்துக்கொண்டு எதையும் தேடாமல் சுற்றினேன்.

அப்படியே இருந்துவிடட்டும் என்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைப்பு. அடுத்த முறை அவளுக்கு மூச்சு முட்டும்போது உங்களிடம்தான் வருவாள், அன்றைக்குக் கேட்டவர் கேட்பார் என்று நம்பி வருவாள். அப்போது யார் கேட்பார்கள்? அந்தப் போனைத்தான் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே. நீங்கள் "வாக்கிங் போ" என்பீர்கள். அவள் இன்னொரு தடவை யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால். ஒப்பந்தம் என்று இன்னொரு தடவை எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் சொல்லவில்லை என்றால் வருகிற ஞாயிறு வாசல் போனில் நான் சொல்வேன், வரிசையில் யார் நின்றாலும் சரி.

இயக்குநரிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் வரவில்லை.

*

ஜூன் 29

வேட்டைக்காரிக்கு,

சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் முன்பு உன் கடிதம் வந்தது. அன்று முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குழாயைத் துடைத்தேன், சுத்தமாக இருந்த அலமாரியை அடுக்கினேன். "என்னப்பா, உக்காருங்களேன், தலை சுத்துது" என்றாள் பாப்பா. உட்கார்ந்தேன். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் கையை நீட்டி அந்தப் புதுப் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "கனமா இருக்கு" என்றாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. கதவைத் தட்டவும் பயம், தட்டாமல் இருக்கவும் பயம்.

கொஞ்ச நேரத்தில் என் பழைய போன் அடித்தது. என் எண்ணை முந்தின நாளே அதற்கு மாற்றியிருந்தேன். பார்த்தால் பாப்பாதான், உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"அப்பா, அன்னைக்குச் சொன்னதை மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லப் போறேன். இந்தத் தடவை நீங்க கேளுங்க. குறுக்கே வந்தா கட் பண்ணிடுவேன்."

ஆரம்பித்தாள். பரிசோதனைக் கூடத்தில் கை நடுங்கியதைச் சொன்னாள். "ஏன், சரியாச் சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டேன். கட். மறுபடி அடித்தாள், மறுபடி முதலிலிருந்து. கூட இருந்த பெண்கள் கேலி செய்த இடம் வந்ததும், "யாரு அது? பேரைச் சொல்லு" என்றேன். கட். அடுத்த தடவை வார்த்தையே சொல்லவில்லை, வெறும் "அடடா"தான். அதற்கும் கட் செய்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு மனுஷன் அடடா என்று சொல்லக் கூடாதா? பிறகு வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே துண்டு.

அந்தத் தடவை அவள் முழுதும் சொன்னாள். பதிலாளிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். "உங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னாடி தினமும் கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்ப்பேன்ப்பா. நீங்க எங்கெல்லாம் குறுக்கே வருவீங்கன்னு யோசிச்சு, அந்த இடத்தையெல்லாம் எடுத்துட்டுச் சொல்லிப் பார்ப்பேன். கடைசியில சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

முடித்தாள்.  பதிலாள் சொன்ன பதிலெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் எடுத்துச் சொல்ல நாக்கு வரவில்லை. என் பதில் என்று உள்ளே தேடினால் எதுவும் இல்லை. அழுகை மட்டும்தான்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதே. இரண்டு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பிட மட்டும் எதிரில் வந்து உட்காருகிறாள். படிப்பை என்ன செய்வது என்று அவளும் முடிவு செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது.

கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன், ஒப்பந்தத்தை மீறி வீட்டில் சொல்லிவிட்டேன் என்று. ஆள் அனுப்பிப் போனை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பெட்டி வருமா என்பது சந்தேகம்தான். நேற்று வெளியீடு. ஊரில் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிதான் வருகிறது: என் வீட்டில் அது என்னைவிட நன்றாகக் கேட்கிறது. இதை எழுதினால் பாராட்டு என்று எடுத்துப் போஸ்டரில் போட்டுக்கொள்வார்கள்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கூப்பிடவில்லை.

*

ஜூலை 4

உங்களுக்கு,

கடிதம் வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரித்தேன். பிறகு வேனில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை வெட்கமாக இல்லை.

வருகிறேனா இல்லையா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் போனுக்குக் கூப்பிடுங்கள். பாப்பா வேண்டாம், நீங்கள் மட்டும். வரிசையில் நிற்பவர்களைப் போகச் சொல்லிவிடுகிறேன் என்று காவலாளி சொல்லியிருக்கிறார்.

எனக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பாப்பா பிறப்பதற்கு முன்னாலிருந்து எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறேன். ஒரு தடவையும் முடித்ததில்லை. நடுவில் நீங்கள் அடடா என்றாலும் வைத்துவிடுவேன்.

கொஞ்சம் நீளமான பேச்சு. சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.